ஒட்ட ஒட்ட ஒழுகும் கழிவுத் தொட்டி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமுக்கு (வீடு போல வசதியுள்ள வண்டி) 25 வயது. கழிப்பறைத் தொட்டிக்கு நேர் கீழே எப்போதும் ஈரம். இரண்டு பொருள் கலந்து பூசும் எபாக்சியை அடியில் அப்பினோம். பத்தே நாளில் தோல் உரிவது போல உரிந்துவிட்டது. எதைப் பூசினால் நிற்கும்?

பதில்: எங்கே கசிகிறது, தொட்டி எந்த பிளாஸ்டிக் என்ற இரண்டும் தெரியாமல் எதைப் பூசினாலும் நிற்காது.

சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. நீர் தொட்டியின் அடிப்பரப்போடு ஒட்டிக்கொண்டே ஓடி, ஏதாவது ஒரு தாங்கு பட்டையிலோ போல்ட்டிலோ வந்துதான் விழும். கழிவை அதற்குரிய இடத்தில் இறக்கிவிட்டு, தெளிந்த நீர் வரும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு உணவுச் சாயம் கலந்த நீரைக் கால் தொட்டி ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். அடுத்து அரை, முக்கால் என்று ஏற்றுங்கள்.

கால் தொட்டியிலேயே சாயம் பட்டால் அடிப்பாகம், அல்லது வெளியேற்றக் குழாய் சேரும் கழுத்து. பாதிக்கு மேல் போனால்தான் ஒழுகுகிறது என்றால், பக்கச் சுவரில் முடுக்கியிருக்கும், மட்டம் காட்டும் சென்சார்களின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். நின்றால் ஒழுகாமல் ஓடினால் மட்டும் ஒழுகினால், தொட்டியின் தலையில் காற்றுக்குழாய் நுழையும் இடத்து ரப்பர் வளையம். உள்ளே நீர் அலையடித்து அதன் வழியே வெளியேறுகிறது. இந்த ரப்பர்கள் வயதானால் இறுகி வெடிக்கும். விரிசலே இல்லாத தொட்டிக்கு அடியில் எபாக்சி பூசியவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: தொட்டி எந்த பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அச்சு இருக்கிறதா என்று தேடுங்கள். முக்கோணத்துக்குள் 2 என்றிருந்தால் அடர் பாலி எத்திலீன். சிலவற்றில் ஏ.பி.எஸ். (இன்னொரு வகைக் கடின பிளாஸ்டிக்) என்றே பொறித்திருக்கும். அச்சு அழிந்திருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கைச் சீவி, ஒரு சொட்டு சோப்பு விட்ட நீரில் அமுக்கிவிடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டி, மூழ்க வேண்டியதும் மிதக்கும். மிதந்தால் பாலி எத்திலீன் அல்லது பாலி புரொப்பிலீன். மூழ்கினால் பெரும்பாலும் ஏ.பி.எஸ். உறுதி செய்ய, பஞ்சில் அசிட்டோன் தொட்டு மறைவான இடத்தில் தேயுங்கள். ஏ.பி.எஸ். இளகிப் பிசுபிசுக்கும், பாலி எத்திலீன் அசைந்து கொடுக்காது. எபாக்சி தோலாக உரிந்தது என்று முதல் கேள்வியில் எழுதியிருந்த தொட்டி அநேகமாகப் பாலி எத்திலீன்தான். அதன் மெழுகுப் பரப்பில் சாதாரணப் பசை எதுவும் கடித்து நிற்காது.

கேள்வி: எங்களுடையது ஏ.பி.எஸ். வெளியேற்றக் குழாய் சேரும் இடத்தருகே 8 செ.மீ. விரிசல். தொட்டியைக் கழற்றாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: விரிசல் வரை கை எட்டினால் முடியும். ஆனால் அது ஏன் விரிந்தது என்று முதலில் பாருங்கள். குழாயும் வால்வும் தாங்கல் இல்லாமல் தொங்கினால், வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் அந்தக் கழுத்தைத்தான் முறுக்கும். குழாய்க்கு ஒரு தாங்கு பட்டை போடாமல் விரிசலை மட்டும் அடைத்தால், ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் புறப்படும்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, குளிர்பெட்டி, வெந்நீர்க் கருவி ஆகியவற்றின் எரிவாயுச் சுடரை அணைத்துவிடுங்கள். தொட்டிக்குள் மீத்தேன் இருக்கும். அசிட்டோனின் ஆவியும் தீப்பிடிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். கிருமி நீக்க பிளீச் ஊற்றியிருந்தால் நன்றாக அலசிக் கழுவிய பிறகே அசிட்டோனை எடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு உண்டாகும்.

விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே, இரு முனையிலும், 3 மி.மீ. துளை போடுங்கள். இல்லையேல் அது ஓடிக்கொண்டே இருக்கும். விரிசலைச் சுவரின் பாதி ஆழம் வரை, வெளிப்பக்கம் விரியும் சாலாகக் (பள்ளமாக) கீறி, சுற்றிலும் 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு நாள் காயட்டும். இடுக்கில் தங்கிய ஈரம்தான் பல ஒட்டுகளைக் கெடுக்கிறது. ஏ.பி.எஸ். சீவல்களைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். தேன் பதக் கூழானதும் அந்தச் சாலுக்குள் நிரப்புங்கள். 3 மி.மீ. ஏ.பி.எஸ். தகட்டை விரிசலுக்கு எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மிஞ்சும்படி வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர் மூலை முதலில் கிளம்பும். பரப்பு வளைந்திருந்தால் வெப்பக் காற்றில் தகட்டை வளைத்துப் பொருந்த வையுங்கள். இரு பரப்பிலும் ஏ.பி.எஸ். பசை தடவி, பலகையும் ஜாக்கும் கொண்டு லேசாக அழுத்திப் பிடியுங்கள். பி.வி.சி. குழாய்ப் பசை இதற்கு உதவாது. ஓரங்களில் அந்தக் கூழை மெல்லிய பூச்சாக மூன்று தடவை கொடுங்கள். ஒரேயடியாகக் கனமாகப் பூசினால் அசிட்டோன் உள்ளே சிக்கி, மேலே காய்ந்தும் அடியில் நொசநொசவென்று கிடக்கும். 48 மணி நேரம் நீர் படக் கூடாது.

கேள்வி: பாலி எத்திலீன் தொட்டி என்றால் வழியே இல்லையா?

பதில்: உண்டு, உருக்கிச் சேர்க்கும் வெல்டிங். தொட்டியைக் கழற்றி, கழுவி, திறந்தவெளியில் காற்றோட்டம் பார்த்துக் கவிழ்த்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை. தீச்சுடர் வேண்டாம்; சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பக் காற்று போதும். பழைய பிளாஸ்டிக்கின் மேல்தோல் வெயிலிலும் காற்றிலும் கெட்டிருக்கும். வெல்டிங்குக்குச் சற்று முன் அதைக் கூரான பிளேடால் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் இழை (உருக்கிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கம்பி) மேலே உட்காருமே தவிரக் கலக்காது. இழை அதே பிளாஸ்டிக்கா என்று ஓரத்தில் ஒரு துண்டை உருக்கிச் சேர்த்து, ஆறியதும் இழுத்துப் பாருங்கள். சுத்தமாகப் பிரிந்து வந்தால் வேறு இழை வாங்குங்கள். இழை, சால் இரண்டும் பளபளக்கும் நொடியில் அழுத்துவதுதான் கைவித்தை. முதலில் வேண்டாத துண்டில் பழகுங்கள்.

கேள்வி: குழாய் மூடியைக் கழற்றியதும், வால்வைத் திறக்கும் முன்பே ஒரு குவளைக் கழிவு கொட்டுகிறது. இதுவும் விரிசலா?

பதில்: இல்லை, கேட் வால்வு, அதாவது குழாயைக் குறுக்கே ஒரு தகட்டால் மூடும் வால்வு. தகடு மூடும் காடியில் காகிதமோ கசடோ சிக்கியிருக்கும், அல்லது இருபுறச் சீல்கள் தேய்ந்திருக்கும். தொட்டியைக் காலி செய்து நான்கு போல்ட்டையும் கழற்றி, வால்வை உருவி, இரண்டு சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். திரும்பப் பூட்டும்போது சீல் மடங்கினால் அன்றே ஒழுகும்.

கேள்வி: எப்போது புதுத் தொட்டி வாங்குவது?

பதில்: மூலைகளில் சிலந்தி வலை போல வெடிப்புகள் தெரிந்தால், அல்லது துளை போடும்போதே சுவர் பொரிந்து உதிர்ந்தால். மற்றபடி ஒட்டியதை நம்பலாம், சோதித்த பிறகு. முழுக்க நீர் நிரப்பி 24 மணி நேரம் வையுங்கள். 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீர் மட்டுமே 150 கிலோ. அந்தச் சுமையில் தாங்கு பட்டை தொய்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பிறகு பாதி நீரோடு கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு, மறுபடி வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.