மரம் நாட்டினால் காபன் காசு வருமா? வன்னி வாசகர்களுக்குப் பதில்கள்

எனக்கு 3 ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. மலைவேம்பு நாட்டினால் ஏக்கருக்கு எவ்வளவு காபன் காசு கிடைக்கும்? (மல்லாவி)

காபன் காசு என்பது, தாங்கள் வெளிவிடும் புகைக்கு ஈடாகக் கம்பனிகள் கிரெடிட் வாங்கக் கொடுக்கும் காசு. ஒரு கிரெடிட் என்பது காற்றிலிருந்து இழுத்து மரத்தில் பூட்டிய ஒரு தொன் காபனீரொட்சைட்டு. அதற்கு எத்தனை மரம் வேண்டும் என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். தையல்காரரின் அளவு நாடாவை எடுத்து, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், நெஞ்சளவில், மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு 63 சென்ரிமீற்றர் என்றால் விட்டம் 20. நடுத்தரக் கடினமுள்ள மரம், உயரம் 12 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், வேரோடு சேர்த்து உலர்ந்த எடை ஏறக்குறைய 200 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காபன் இருக்கும். அதை 3.67 ஆல் பெருக்கினால் காபனீரொட்சைட்டுக் கணக்கு வரும்: சுமார் 345 கிலோ. ஆக, மூன்று மரம் சேர்ந்தால் ஒரு கிரெடிட். மலைவேம்பு இலேசான மரம் என்பதால் அதே பருமனில் நாலைந்து மரம் வேண்டும்.

பத்தடிக்குப் பத்தடி நாட்டினால் ஏக்கருக்கு 435 கன்று பிடிக்கும். கோடையையும் கட்டாக்காலி மாட்டையும் தாண்டி 250 மரம் அந்தப் பருமனுக்கு வந்தால், ஏக்கருக்கு 55 கிரெடிட் அளவில் நிற்கும். விலை ஒரு தொன்னுக்குச் சில டொலரிலிருந்து சில பத்து டொலர் வரை திட்டத்துக்குத் திட்டம் மாறும். 10 டொலர் என்று வைத்தால் 550 டொலர். இது ஆண்டுக்கு வரும் தொகை அல்ல, மரம் வளர்ந்த அத்தனை ஆண்டுக்கும் சேர்த்து வருவது. தீயிலோ யானையாலோ அழியக்கூடிய மரங்களுக்கு ஈடாக, கிரெடிட்டில் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரை பொது இருப்பில் பிடித்துவைப்பார்கள். வந்து அளந்து சரிபார்க்கும் வெளி நிறுவனத்துக்கான செலவோ பல்லாயிரம் டொலர். மூன்று ஏக்கர் அதைத் தனியே தாங்காது. பலர் சேர்ந்து, நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே திட்டமாகப் பதிந்தால்தான் கணக்கு உதைக்காது. மலைவேம்பை மரத்துக்காக நாட்டுங்கள், காபன் காசை மேலதிக வரவாக மட்டும் எண்ணுங்கள்.

ஏழு வருடத்தில் வெட்டி விற்றுவிட்டுத் திரும்பவும் நாட்டினால், ஒவ்வொரு முறையும் கிரெடிட் வருமா? (கிளிநொச்சி)

வராது. எங்கள் குளத்தை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் வான் பாயும், ஆவணியில் அடியில் சேறு தெரியும். வான் பாய்ந்த நாளின் அளவை வைத்து ஆண்டு முழுவதும் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். வெட்டி நாட்டும் தோட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பல சுற்றுக்களின் சராசரியில் நிலத்தில் எவ்வளவு காபன் நிற்கிறதோ, அந்த அளவுக்கு மட்டுமே கிரெடிட். ஏழு ஆண்டுச் சுற்றில் அந்தச் சராசரி உச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். இரண்டாவது சுற்றில் நாட்டும் மரத்துக்குப் புதிதாக எதுவும் சேராது.

வேகமாக வளரும் மரம் என்று சொல்லி விற்க வருபவர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். நிற்கிற மரத்துக்குத்தான் காபன் காசு. மரம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கு யாரும் காசு தருவதில்லை.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது காணி பற்றைக்காடாகிவிட்டது. டோசர் போட்டுத் துப்பரவாக்கி யூக்கலிப்டஸ் நாட்டலாமா? (நெடுங்கேணி)

தயவுசெய்து டோசரைக் கூப்பிட முன்னர் இதை வாசியுங்கள். வேரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் போன்ற தரச்சான்று அமைப்புகள், மரம் நாட்டுவதற்கு முந்திய பத்து ஆண்டுக்குள் இயற்கைக் காட்டை அழித்த நிலத்தை ஏற்பதில்லை. செய்மதிப் படத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் எந்த ஆண்டில் வெளித்தது என்பது தெரிந்துவிடும். உங்கள் பற்றைக்குள் வீரையும் பாலையும் முதிரையும் தாமாகவே முளைத்து நிற்கலாம், அப்படியானால் அதுவும் காடாகவே எண்ணப்படலாம். ஒருநாள் உள்ளே இறங்கி எண்ணிப் பாருங்கள். முதிரை ஒன்று கைப்பருமனுக்கு வர எத்தனை மாரி போயிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் அருகில் இருந்தால், காணிப் பிரச்சினையை எழுத்தில் தீர்க்கும் வரை ஒரு கொப்பையும் வெட்ட வேண்டாம்.

பன்னிரண்டு வயதுத் தேக்கு 200 மரம் நிற்கிறது. அதற்கு? (ஒட்டுசுட்டான்)

இல்லை, ஐயா. காபன் வருமானம் இல்லாமலே நீங்கள் நாட்டி வளர்த்துவிட்டீர்கள். அந்தக் காசு இருந்திருந்தால்தான் நாட்டியிருப்பேன் என்று காட்ட முடியாத மரத்துக்குக் கிரெடிட் கிடையாது. உங்கள் தேக்கின் பெறுமதி பலகையில் இருக்கிறது. வெட்டி ஏற்ற முன் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

கணவர் 2009இல் காணாமல் போனவர். காணிப் பெர்மிட் அவருடைய பெயரில். காபன் கம்பனிக்காரர் என்னுடைய கையெழுத்துப் போதும் என்கிறார். (புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, போதாது. வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அப்படிப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. காபன் ஒப்பந்தத்தில் மரத்தின் மேல் முப்பது, நாற்பது ஆண்டு உரிமை எழுதுவது சின்ன விடயம் இல்லை. முதலில் பெர்மிட்டை உங்கள் பெயருக்குக் கொண்டுவருவதைப் பாருங்கள். அனுமதிப்பத்திரக்காரரின் துணைக்கு அந்தச் சட்டத்தில் பின்னுரிமை இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், எடுக்கத்தான் வேண்டும் என்று யாரும் உங்களை நெருக்க இடங்கொடாதீர்கள். மரணப் பதிவு பற்றிய 2016 திருத்தச் சட்டத்தின் பிறகு, காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் தனியாக இருக்கிறது. அதோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்க் கதையுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (செட்டிகுளம்)

தமிழ்ப் பிரதி கேளுங்கள். தராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். திட்டம் வேரா போன்ற எந்த அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டு, கைத்தொலைபேசியிலேயே தேடிப் பாருங்கள். அவை எவரும் பார்க்கக்கூடிய பதிவேடுகள். அப்புறம் பங்கு. நூற்றுக்கு ஐம்பது என்றால், விற்ற விலையிலா, செலவு கழித்த மீதியிலா? செலவை அவர்கள் எழுதுவதென்றால் மீதி எவ்வளவும் ஆகலாம். தீப்பிடித்தால் நட்டம் யாருக்கு, நீங்கள் இல்லாத காலத்தில் பிள்ளைகள் காணியில் வீடு கட்டலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கன்றுக்கும் பதிவுக்கும் என்று உங்களிடமே முற்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்படியென்றால் எதைத்தான் நாட்டுவது? (பூநகரி)

ஓரினத் தோப்பை நான் சொல்ல மாட்டேன். எங்கள் மழை ஐப்பசியிலிருந்து தை வரைதான். மீதி மாதங்களில் யூக்கலிப்டஸ் வரிசையும் உங்கள் கிணறும் ஒரே தண்ணீருக்குப் போட்டியிடும். வேலியில் கிளிசரிடியா போடுங்கள். 2005இல் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது அது. வெட்டவெட்டத் துளிர்ப்பதால் மரத்தில் காபன் அதிகம் சேராது, ஆனால் ஆட்டுக்குக் குழையும் அடுப்புக்கு விறகும் தரும். உள்ளே வேம்பு, புளி, தேக்கு, இடையில் கொஞ்சம் மலைவேம்பு. முதல் இரண்டு மாரிக்கும் மரங்களுக்கு நடுவில் பயறோ கச்சானோ போடலாம். உவர் ஏறும் பக்கத்தில் பனைதான். கன்றுக்கு இப்போதே சொல்லிவையுங்கள், முதல் மழை விழுந்தபின் போனால் நாற்றுமேடையில் மெலிந்ததுகள்தான் மிஞ்சியிருக்கும்.