இரண்டாம் சீட்டு

அண்ணனுக்கு வணக்கம்,

எனக்கு 41 வயது. தங்கச்சிமடம் சொந்த ஊர், வேலை சென்னையில். பதினான்கு வருடமாக எஸ்ஏபி பிஓ-வில்தான் (கம்பெனி சிஸ்டங்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் மென்பொருள்) இருக்கிறேன், வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. 2027 டிசம்பரோடு அதன் வழக்கமான பராமரிப்பு முடிகிறது என்பதால் எல்லாரையும் கிளவுடுக்கு, அதாவது எஸ்ஏபியின் இன்டக்ரேஷன் சூட்டுக்கு, மாறச் சொல்கிறார்கள். பக்கத்து இருக்கையில் 25 வயதுப் பையன், நான் இரண்டு நாள் செய்யும் மேப்பிங்கை (ஒரு சிஸ்டத்தின் தகவலை இன்னொன்றின் வடிவத்துக்கு மாற்றுவது) ஏஐயிடம் கேட்டு மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறான். ராத்திரி சரியாகத் தூக்கம் வருவதில்லை. மச்சான், ஊரில் நண்டு கம்பெனி போடலாம், வந்துவிடு என்கிறார். நீங்களும் இதே வேலையில் இருந்தவர், நம்ம பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன். இத்தனை வருடம் கற்றதெல்லாம் வீண்தானா?

— தங்கச்சிமடத்து வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வீணில்லை. ஆனால் எதைக் கற்றிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். 'பிஓ தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடத்தில் உங்களுக்குப் பழகியது அது மட்டும் இல்லை. நண்டு என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டீர்கள், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

என் அப்பா மண்டபம் ஊரில் ஒரு நண்டு வாடியில் (நண்டு வாங்கும் கொட்டகையில்) கணக்கு எழுதினார். காலையில் வலை வந்ததும் கூடையைத் தராசில் ஏற்றுவார்கள், அப்பா எடையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கார்பன் தாள் வைத்துச் சீட்டு எழுதுவார், மேல்தாள் படகுக்காரர் கைக்குப் போகும், கீழ்த்தாள் புத்தகத்திலேயே நிற்கும். சனிக்கிழமை பட்டுவாடா. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் சீட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். சீட்டு நனைந்து கிழிந்துபோவதும் தொலைந்துபோவதும் வாரம் தவறாமல் நடக்கும். அப்பா முகம் சுளிக்காமல் வேறு சீட்டு எழுதித் தருவார், ஆனால் அடுத்த எண்ணில் எழுத மாட்டார். கீழ்த்தாளைப் புரட்டி, பழைய எண்ணையே போட்டு, ஓரத்தில் 'இரண்டாம் சீட்டு' என்று எழுதுவார். புது நம்பர் போட்டால் என்ன என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "தொலைஞ்ச சீட்டு நாளைக்கு அகப்பட்டா, ஒரே நண்டுக்கு ரெண்டு தடவை காசு போயிரும்டா" என்றார்.

இது எனக்கு வேலையில் புரிய 2006 ஆனது. ஒரு வாடிக்கையாளரின் கிடங்கு சிஸ்டத்துக்கு டெலிவரி ஆர்டர் அனுப்பும் இண்டர்ஃபேஸ், அதாவது இணைப்பு, என் பொறுப்பில் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு டைம்அவுட், குறித்த நேரத்துக்குள் பதில் இல்லை. போகவில்லை என்று நினைத்து அதே ஃபைலை மறுபடி உள்ளே போட்டேன். உண்மையில் முதல் தடவையே போய்ச் சேர்ந்திருந்தது, பதில்தான் திரும்பி வரவில்லை. நின்றுபோன மெசேஜையே மறுபடி ஓடவிட்டிருந்தால் பழைய ஐடியோடு போயிருக்கும், ஏற்கெனவே வந்தது என்று தள்ளப்பட்டிருக்கும். நான் ஃபைலைப் புதிதாகப் போட்டதால் புது ஐடி விழுந்தது, எதிர்ப்பக்கத்துக்கு அது புது ஆர்டர். காலையில் ஒரே கடைக்கு இரண்டு லாரி கிளம்பிவிட்டன. அன்றைக்கு முழுக்க அப்பாவின் சீட்டுப் புத்தகம்தான் நினைவில் ஓடியது.

அப்புறம் 2020 அக்டோபர் 1-ல் ஜிஎஸ்டி ஈ-இன்வாய்ஸ் வந்தது. முதலில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும். ஏற்றுமதி பில்லும் இதில் சேரும் என்பதால் நம் கரையில் இறால், நண்டு அனுப்புகிறவர்கள் வரை அது வந்துவிட்டது. பில்லை ஜேசன் என்ற ஃபைல் வடிவில் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பினால் 64 எழுத்து நீளத்தில் ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் திரும்ப வரும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மறுபடி ஒருமுறை கவனியுங்கள்: அந்த எண் விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரே பில்லை எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்தான் விழும், இரண்டாம் தடவை அனுப்பினால் 2150 என்ற பிழையோடு 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று தளம் சொல்லிவிடும். அப்பா ஓரத்தில் எழுதிய இரண்டாம் சீட்டேதான். இந்த 2150-ஐப் பார்த்துத் தோல்வி என்று நினைத்து, பில் எண்ணை மாற்றி மறுபடி அனுப்புகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், 2006-ல் நான் செய்த தப்பேதான் அது. முதல் தடவையே போய்ச் சேர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, பதிவான ஐஆர்என்னை எடுத்து வந்து பில்லில் ஒட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை தெரியும்.

உங்களிடம் இருப்பது இது. எம்க்யூசீரிஸ் என்ற பழைய மெசேஜ் மென்பொருள் காலத்திலும் இதே கேள்விதான், பிஓ-வின் முன்னோடியான எக்ஸ்ஐ வந்து பிஐ ஆகி பிஓ ஆனபோதும் இதே கேள்விதான்: போனது சேர்ந்ததா, முன்னமே வந்ததா, வரிசை மாறியதா, மறுக்கப்பட்டால் யாருக்குச் சொல்வது.

கிளவுடில் இந்தக் கேள்விகள் இன்னும் உங்கள் தலையில்தான் விழுகின்றன, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. பிஓ-வில் அசிங்க் மெசேஜ் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்புவது) உள்ளே வந்ததும் அதுவே டேட்டாபேஸில் எழுதிவைத்து, தோற்றால் மறுபடி முயன்று, வரிசை கேட்டால் வரிசையும் காத்தது. கிளவுடில் நாம் வரையும் ஐஃப்ளோ என்ற மெசேஜ் பாதையில் நீங்கள் சொல்லாதவரை அது எதையும் எடுத்து வைக்காது. மெசேஜை எடுத்து வைக்க ஜேஎம்எஸ் க்யூ என்ற வரிசை வைப்பதா, டேட்டா ஸ்டோர் என்ற சேமிப்பிடம் போதுமா, எத்தனை தடவை முயல்வது, ஏற்கெனவே வந்ததா என்று எங்கே பார்ப்பது, எல்லாவற்றையும் நீங்களே வரைய வேண்டும். பிஓ-வைப் பார்க்காமல் நேராகக் கிளவுடுக்கு வந்த பிள்ளைகள் பலர், நேரே ஒரு கோடு போட்டு இரண்டு சிஸ்டத்தையும் இணைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். யோசிக்க வைக்கும் ராத்திரி அவர்களுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

புதிதாகக் கற்க வேண்டியதும் இருக்கிறது, மலைக்கும் அளவுக்கு இல்லை. மெசேஜ் மேப்பிங் பெரும்பாலும் ஏறிவிடும், ஜாவாவில் எழுதிய யூடிஎஃப்களை (மேப்பிங்குக்காக நாமே எழுதும் சிறு ஃபங்ஷன்கள்) க்ரூவி மொழிக்கு மாற்ற வேண்டும், ஜாவா தெரிந்தவருக்கு க்ரூவி சில வாரங்களில் பிடிபடும். ஓஆத் என்ற அனுமதி முறை, சான்றிதழ்கள், கம்பெனிக்கு உள்ளே இருக்கும் சிஸ்டத்தைத் தொடுவதற்குக் கிளவுட் கனெக்டர், இவற்றைக் கையால் செய்து பாருங்கள், வீடியோ பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பழகுங்கள்.

அந்தப் பையனைப் பற்றி. அவன் மேல் வருத்தப்படாமல் ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, ஏஐயிடம் எப்படிக் கேட்கிறான் என்று பாருங்கள். மேப்பிங் எழுதுவது மட்டும்தான் வேலை என்றால் அந்த வேலை சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் 'குறிப்பு' என்று பெயரிட்ட ஃபீல்டில் பத்து வருடமாக லாரி நம்பர் போய்க்கொண்டிருக்கிறது என்பது எந்த ஸ்பெசிஃபிகேஷனிலும் இருக்காது. ஏஐ படிப்பது ஸ்பெசிஃபிகேஷனை. கிடங்கில் இருக்கும் ஆளுக்கு போன் போட்டு "அண்ணே, இதில் என்ன போடுறீங்க" என்று கேட்டவர் நீங்கள். அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், அவனிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2027 முடிந்தாலும் கூடுதல் கட்டணத்தில் 2030 கடைசி வரை நீட்டிப்பு உண்டு. அதுவரைக்கும் பழையதைப் படிக்கவும் புதியதை எழுதவும் ஒருசேரத் தெரிந்த ஆள் தேவைப்படுவார், அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். இன்டக்ரேஷன் சூட்டில் மைக்ரேஷன் அசெஸ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் பிஓ-வைப் படித்து எது எளிதாக ஏறும், எதற்கு மாற்றம் வேண்டும், எதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று பிரித்துத் தரும். ஒரு இண்டர்ஃபேஸ் யாருக்காக ஓடுகிறது, நிறுத்தினால் யார் அழுவார் என்பதை அது சொல்லாது. அந்தப் பட்டியலை இந்த மாதமே நீங்கள் எழுத ஆரம்பியுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

நண்டு கம்பெனி நல்ல தொழில்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கம் வராத ராத்திரியில் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. இங்கே வேகவைத்து உரிக்கிற சதை அமெரிக்காவுக்குப் போகிறது, அங்கே விலை இறங்கினால் மறுநாளே நம் வாடியில் தெரியும். படகுகளுக்கு முன்பணம் எவ்வளவு கொடுக்க வேண்டும், அதில் எவ்வளவு வருடக்கணக்கில் திரும்பாமல் நிற்கும் என்று மச்சானிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்ல யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்களிடம் ஈ-இன்வாய்ஸ் இண்டர்ஃபேஸ் ஒன்று கட்டாயம் இருக்கும், பயிற்சிக் கணக்கில் அதையே முழுதாக ஐஃப்ளோவில் கட்டுங்கள். பில் சரியாகப் போகிற பாதையைக் கடைசியில் வரைந்தால் போதும். 2150 வருகிற கிளையை முதலில் வரைந்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.