வாசகர் கேள்வி: கடல் மேடையின் அதிர்வுச் சோதனை

கேள்வி: கடல் நடுவே நிற்கும் எண்ணெய் மேடையின் கால்களில் நீருக்கடியில் வெடிப்பு உண்டா என்பதை, பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல, அதிர்வைக் கொண்டே அறியலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: ஓரளவுக்கு உண்மை, ஆனால் அங்கே தட்டுபவர் பெரும்பாலும் எவருமில்லை, அலையும் காற்றுமே அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. தளத்தில் பொருத்தப்பட்ட ஆர்முடுகல்மானிகள் (அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள்) பதியும் அசைவிலிருந்து கட்டமைப்பின் இயற்கை மீடிறனை, அதாவது அது தன்னியல்பாக ஒரு செக்கனில் எத்தனை முறை ஆடுகிறது என்பதை, பிரித்தெடுக்கிறார்கள். கடலடியில் ஊன்றிய உருக்குக் கால்களையுடைய மேடை ஒருமுறை அசைந்து மீளப் பொதுவாக 1 முதல் 3 செக்கன் வரை எடுக்கும். உறுப்பொன்று முறிந்து விறைப்பு (வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை) குறைந்தால் அந்நேரம் நீளும், அதாவது மீடிறன் இறங்கும். சிக்கலும் இங்கேதான்: மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாதலால், விறைப்பில் 2 சதவீதம் போனாலும் மீடிறனில் 1 சதவீதமே குறையும், கால்களில் சிப்பியும் பாசியும் படிந்து திணிவு கூடினாலும் அதே இறக்கம்தான் தெரியும். குறுக்குச் சட்டங்கள் பல உள்ள மேடையில் ஒன்று அறுந்தது கண்ணில் படாமலே போகலாம். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் கவிழ்ந்து 123 பேரைப் பலிகொண்ட அலெக்சாண்டர் கீலாண்ட் மிதவை மேடையில், ஒரேயொரு சட்டத்தில் வளர்ந்த வெடிப்பே அழிவைத் தொடக்கி வைத்தது. ஆகவே, மீடிறனோடு அசைவின் வடிவத்தையும் (எந்தப் பகுதி எவ்வளவு ஆடுகிறது என்பதையும்) பழைய பதிவோடு ஒப்பிட்டு, ஐயம் எழும் மூட்டுக்குச் சுழியோடியை இறக்குவதே முறை. நம் ஊர்களின் உயர்ந்த தண்ணீர்த் தாங்கிகளுக்கும் இச்சோதனை பொருந்தும். அளந்த நாளில் தாங்கி நிறைந்திருந்ததா, வெறுமையா என்பதை மட்டும் மறவாமல் குறித்துவைக்க வேண்டும்.