சம்பள உயர்வால், தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மகப்பேறு விடுப்பில் எனக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும், சகோதரி. எனக்குக் கிடைத்தது.

கிடைக்காது என்று உங்களிடம் சொன்னது அலுவலகத்தில் மேலே இருக்கும் யாரோ என்று நினைக்கிறேன். நீங்களும் தலையாட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்பியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் திரும்பினேன்.

கோவையில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். 2018 மார்ச் வரை சம்பளம் 20,400 ரூபாய். அதில் மாதம் 357 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தார்கள். அன்று தொழிலாளியின் பங்கு 1.75 சதவீதம், முதலாளியின் பங்கு 4.75 சதவீதம். 2019 ஜூலையிலிருந்து அது 0.75, 3.25 என்று குறைந்துவிட்டது. 2018 ஏப்ரலில் என் சம்பளத்தை 21,600 ஆக்கினார்கள். இ.எஸ்.ஐ.க்கான மாதச் சம்பள உச்சவரம்பு அன்று 21,000 என்பதால் அந்த மாதமே பிடித்தம் நின்றது. அப்போது எனக்கு இரண்டாவது மாதம். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அது வழக்கமான ஆண்டு உயர்வுதான்.

ஆகஸ்டில் விடுப்புக் கேட்டபோது மேலாளர் சொன்னார்: "நீங்கள்தான் இப்போது இ.எஸ்.ஐ.யில் இல்லையே அம்மா. மூன்று மாதம் சம்பளமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம்." கணவருக்கு அப்போது 14,000 சம்பளம், வீட்டு வாடகை 6,500. மாமியார் வேலையையே விட்டுவிடச் சொன்னார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் போய் வந்தேன். என்ன நினைத்தேனோ, ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த ஒரு அம்மா என் எண்ணைக் கணினியில் பார்த்துவிட்டு, "பிரசவம் எப்போது?" என்று கேட்டார். நவம்பர் என்றேன். "அப்படியானால் உனக்கு உண்டு" என்றார்.

கணக்கு இதுதான். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு மறு ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. பிரசவம் விழும் அரையாண்டுக்குரிய சந்தா அரையாண்டையும் அதற்கு முந்தையதையும் சேர்த்து 70 நாட்களுக்குச் சந்தா இருந்தால் போதும். இன்று பிடித்தம் நின்றுவிட்டது என்பதற்காக நேற்றுக் கட்டியது செல்லாமல் போகாது. என் பிரசவம் 2018 நவம்பர். அதற்குரிய சந்தா 2017 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, ஒரு மாதம் விடாமல் கட்டியது. 26 வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலியாகத் தவணை தவணையாக வந்து சேர்ந்தது 1,22,000 ரூபாய்க்குச் சற்று மேல். முதல் தவணை ஜனவரியில்தான் வந்தது. அதுவரை இரண்டு வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன.

"சிறிய நிறுவனம் ஆறு மாதம் சும்மா சம்பளம் கொடுத்தால் எப்படிப் பிழைக்கும்?" என்று யாராவது கேட்பார்கள். என் முதலாளி அந்த ஆறு மாதத்துக்கு ஒரு ரூபாயும் தரவில்லை. இ.எஸ்.ஐ.யில் உள்ள அத்தனை தொழிலாளிகளும் அவர்களின் முதலாளிகளும் மாதாமாதம் போட்டு வைத்த பணத்திலிருந்து வந்தது அது. அதில் என் 357 ரூபாயும் இருந்தது. பிள்ளை பெற்றதற்குச் சன்மானமா என்று எங்கள் உறவிலேயே ஒருவர் கேட்டார். இ.எஸ்.ஐ.யில் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரைகூட வாங்காமல் கட்டிய பணத்தைச் சன்மானம் என்று நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

உங்கள் பிடித்தம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தால் வழி வேறு. அப்போது சட்டப்படி நிறுவனமே தர வேண்டும். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கவும் கூடாது. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தரவில்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் கேட்டதற்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வங்கிக் கணக்கு சம்பளக் கணக்கு, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாதது. சில மாதம் சம்பளம் வராததும் அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் தவணையை எடுத்து வளையலை மீட்டிருந்தேன், இருப்புக் குறைந்துவிட்டது. மார்ச்சில் அடுத்த தவணை விழுந்ததும் அதிலிருந்து அபராதமாகக் கிட்டத்தட்ட 700 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று முறை அந்தக் கிளைக்குப் போனேன். "கணினி தானாகப் பிடித்தது" என்றே மூன்று முறையும் சொன்னார்கள். பிரசவத்துக்காக வேலையை நிறுத்திய பெண்ணின் கணக்கில் சம்பளம் எப்படி விழும்? இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. விடுப்பில் போகும் முன் உங்கள் வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை எந்த மாதம் பிறக்கும், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் எந்த மாதம் வரை இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதற்குள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.