ஃபிளிக்கர் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில், பழைய படங்களைப் பாதுகாப்பது பற்றிய ஒரு பதிலில் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டதால், இந்த மாதப் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஃபிளிக்கர் முதலில் ஒரு கணினி விளையாட்டாக இருந்தது என்று என் மாணவன் சொல்கிறான். நம்பலாமா? (பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

பதில்: முக்கால்வாசி நம்பலாம். கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் காட்டெரினா ஃபேக்கும் தொடங்கிய லூடிகார்ப் என்ற சிறு நிறுவனம், பலர் ஒரே நேரத்தில் கூடி ஆடும் 'கேம் நெவர்எண்டிங்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பணம் கரைந்துகொண்டே வந்தபோது, விளையாட்டுக்காக எழுதி வைத்திருந்த நிரல்களைக் கொண்டே வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். அரட்டை அறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு படத்தை இழுத்து எதிரில் இருப்பவரின் திரையில் போடலாம் என்பதுதான் அந்த வேறொன்று. 2004 பிப்ரவரியில் வெளிவந்த ஃபிளிக்கரின் முதல் வடிவம் ஏறக்குறைய அவ்வளவுதான். அரட்டை அறை சீக்கிரமே ஓரங்கட்டப்பட்டது. ஆனால் ஒரு படத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பேசுவது என்ற பழக்கம் தளத்தின் எலும்பிலேயே தங்கிவிட்டது.

பெயரில் ஓர் எழுத்து குறைவதற்கும் காரணம் உண்டு: முழு எழுத்துகளோடு கூடிய இணைய முகவரி வேறொருவர் கையில் இருந்தது, அவர் விற்கவில்லை. உங்கள் மாணவனுக்குக் கூடுதலாக ஒன்று சொல்லுங்கள். பட்டர்ஃபீல்டு பின்னாளில் 'கிளிட்ச்' என்று இன்னொரு விளையாட்டைத் தொடங்கி, 2012-இல் அதையும் மூடினார். அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள வைத்திருந்த கருவிதான், இன்று பல அலுவலகங்களில் குழு உரையாடலுக்குப் பயன்படும் 'ஸ்லாக்' ஆனது. இரண்டு முறை விளையாட்டில் தோற்று இரண்டு முறையும் வேறிடத்தில் ஜெயித்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கேள்வி: குறிச்சொல், குழு, விருப்பக்குறி எல்லாம் இன்று எந்தத் தளத்தில்தான் இல்லை? ஃபிளிக்கரில் அப்படி என்ன புதுமை இருந்தது? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இன்று எல்லாத் தளத்திலும் இருக்கிறது என்பதே, அன்று அது எவ்வளவு புதுமையாக இருந்தது என்பதற்குச் சாட்சி. 2004-க்கு முன்பும் படம் ஏற்றும் தளங்கள் இருந்தன. ஓஃபோட்டோ, ஷட்டர்ஃபிளை போன்றவற்றில் ஆல்பத்தை ஏற்றி, உறவினருக்கு இணைப்பு அனுப்பி, காகிதத்தில் அச்சிட்டு வாங்கலாம். அவை ஸ்டுடியோவின் நீட்சி. உங்கள் ஆல்பம் உங்கள் வீட்டாருக்கு மட்டும். ஃபிளிக்கரோ, நீங்கள் மாற்றாதவரை படம் எல்லோருக்கும் தெரியும் என்பதை இயல்புநிலையாக வைத்தது. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படத்தின் கீழ் வந்து பேச, அந்த ஒரு தீர்மானமே போதுமானதாக இருந்தது.

படத்தில் இருப்பதைச் சொல்லித் தேட உதவும் குறிச்சொற்களின் (tags) அருமையை ஒரு படத்தைக் காட்டிச் சொன்னால் புரியும். பல ஆண்டுகளுக்கு முன் திருவாரூர் ஆழித்தேரின் சக்கரத்தருகே ஒருவர் குனிந்து நிற்கும் படம் ஒன்றை ஏற்றி, 'தேர்', 'திருவாரூர்', 'சக்கரம்' என்று மூன்று சொற்களை மட்டும் இட்டிருந்தேன். தொடர்பில் இருப்பவர்களும் சொற்களைச் சேர்க்கலாம் என்று அனுமதித்திருந்ததால், அடுத்த வாரம் பார்த்தபோது யாரோ ஒருவர் 'முட்டுக்கட்டை' என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். அந்த மனிதர் குனிந்திருந்ததே சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதற்காகத்தான். படம் எடுத்த எனக்கு அது தோன்றவில்லை. அந்தச் சொல்லைச் சொடுக்கினால், அதே சொல்லிட்ட மற்றவர்களின் படங்கள் வந்து நிற்கும். நூலகத்தில் பொருள்வாரியாக அடுக்க ஒரு நிபுணர் வேண்டும். இங்கே பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அடுக்கினார்கள். ஒரு படத்துக்கு 75 சொற்கள் வரை இடலாம், தமிழிலும் இடலாம்.

குழுக்களும் அப்படியே. வட்டமான எதையாவது, அது காபித் தம்ளரின் வாயோ சாக்கடை மூடியோ, சதுரச் சட்டத்துக்குள் சரியாகப் பொருத்தி எடுத்த படங்களை மட்டும் சேர்ப்பதற்கென்றே தொடக்க காலத்தில் ஒரு குழு இருந்தது. பரிசு கிடையாது, பணம் கிடையாது. ஆனால் அந்தக் குழுவில் சேர்ந்த பிறகு தெருவில் நடக்கும்போது கண்ணுக்கு வட்டங்களாகத் தெரியத் தொடங்கும் என்பதை அனுபவித்தவன் நான்.

2006 ஆகஸ்டில் படம் எடுத்த இடத்தை வரைபடத்தில் குறிக்கும் வசதி வந்தது. கேமரா, துளை அளவு, ஷட்டர் வேகம் முதலியவற்றைப் படக்கோப்பிலிருந்தே எடுத்துக் காட்டியதால், புதிதாகக் கற்பவர்களுக்கு ஒவ்வொரு நல்ல படமும் ஒரு பாடமாக அமைந்தது. உள்ளே நுழையும்போதெல்லாம் ஏதோ ஒரு மொழியில் வணக்கம் சொல்லி, 'இந்த மொழியில் எப்படி முகமன் கூறுவது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்' என்று எழுதிக்காட்டிய குறும்பும் அதன் அம்சங்களில் ஒன்றே.

கேள்வி: 'எக்ஸ்ப்ளோர்' பக்கத்தில் என் படம் வர என்ன செய்ய வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: 'எக்ஸ்ப்ளோர்' என்பது அன்றன்றைக்குக் கவனம் ஈர்த்த படங்களை ஃபிளிக்கர் காட்டும் பக்கம். நாள்தோறும் 500 படங்கள் அதற்குத் தேர்வாகின்றன, தேர்ந்தெடுப்பது ஆளல்ல, கணினியின் ஒரு கணிப்புமுறை. 2005-இல் அதை அறிமுகப்படுத்தியபோது, படத்தைப் பார்க்க வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், யார், எப்போது கருத்துச் சொன்னார்கள், யார் விருப்பக்குறி இட்டார்கள், என்ன குறிச்சொற்கள் இருந்தன என்பவற்றைக் கணக்கில் கொள்வதாகச் சொன்னார்கள். சரியான சூத்திரத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே அதற்கென்று படம் எடுக்கத் தொடங்கியிருப்போம். நூறு குழுக்களில் ஒரே படத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் வரும் என்று உங்களுக்கு யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: நான் நூலகத்தில் பணிபுரிகிறேன். பெரிய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் பழைய படங்களை ஏன் அங்கே கொண்டுபோய் வைக்கின்றன? அவர்களுக்கே இணையதளம் இருக்கிறதே? (நூலகர், மதுரை)

பதில்: இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் வந்து பேசுவதில்லை. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் சுமார் 3,000 படங்களோடு, இத்தகைய நிறுவனங்களின் பழைய படங்களுக்கான 'தி காமன்ஸ்' என்ற பகுதியை ஃபிளிக்கரில் தொடங்கிவைத்தது. பாதிக்கு மேல் 1930-களின் கடைசியிலும் 40-களிலும் எடுக்கப்பட்ட வண்ணப்படங்கள். விமானத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள், அறுவடை வயல்கள், ரயில் பட்டறைகள் என்று நேற்று எடுத்ததைப்போல் இருக்கும். எஞ்சியவை, நியூயார்க்கில் ஜார்ஜ் கிரான்தம் பெயின் நடத்திய செய்திப்பட நிறுவனத்தின் 1910-ஐ ஒட்டிய காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள்.

இந்தப் பெயின் படங்கள்தான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. நெகட்டிவின் ஓரத்தில் அந்தக் காலத்தில் யாரோ கீறி வைத்த ஒரு குடும்பப் பெயர், சிலவற்றில் ஓர் ஊர்ப்பெயர். பல படங்களுக்கு அவ்வளவுதான் விவரம். அது குத்துச்சண்டை வீரரா, பாடகரா, கட்சித் தலைவரா என்று நூலகத்தின் அட்டவணைக்கே தெரியாது. ஃபிளிக்கரில் வைத்ததும், ஒருவர் அதே முகத்தைப் பழைய நாளிதழில் தேடிப் பிடித்துத் தேதியோடு எழுதினார். இன்னொருவர் பின்னாலிருக்கும் கட்டடத்தை அடையாளம் கண்டு, இன்று அதே இடத்தில் நின்று எடுத்த படத்தை ஒட்டினார். அவ்வாண்டு அக்டோபருக்குள் 7,166 கருத்துகளும் 67,176 குறிச்சொற்களும் சேர்ந்திருந்ததாகவும், அவற்றைச் சரிபார்த்து 500-க்கும் மேற்பட்ட அட்டவணைப் பதிவுகளைத் திருத்திக்கொண்டதாகவும் நூலகமே அறிக்கை வெளியிட்டது. தகாதவை என்று நீக்கவேண்டி வந்தவை 25-க்கும் குறைவு. இன்றைய இணையத்தில் இருந்துகொண்டு இந்தக் கடைசி எண்ணைப் படிக்கும்போது பெருமூச்சுதான் வருகிறது.

2013 டிசம்பரில் பிரிட்டிஷ் நூலகம், 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான நூல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களை அங்கே வைத்தது. இந்தியப் பயண நூல்களின் கோபுரச் சித்திரங்களும் வரைபடங்களும் அந்தக் குவியலில் கிடைக்கும். உங்கள் நூலகத்தின் கண்காட்சிப் பலகைக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் ஏற்றிய என் படத்தை ஒரு நிறுவனம் என்னைக் கேட்காமலே நாட்காட்டியில் அச்சிட்டுவிட்டது. வழக்குத் தொடரலாமா? (அலுவலக ஊழியர், சேலம்)

பதில்: கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, தன் படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் கேட்காமலே பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அறிவிக்கும் உரிமங்களின் தொகுதி. அதில் எந்த உரிமம் என்று நீங்கள் எழுதவில்லை, எல்லாமே அதைப் பொறுத்திருக்கிறது. 2004-இலேயே ஃபிளிக்கர் இந்த உரிமங்களைத் தளத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொரு வகை. மாற்றக் கூடாது என்பது மற்றொன்று. முதல் வகையை நீங்கள் தேர்ந்திருந்து, நாட்காட்டியில் உங்கள் பெயரும் உரிமமும் இருந்தால், அவர்கள் செய்தது சரியே. பெயர் இல்லையென்றால் நிபந்தனையை மீறியிருக்கிறார்கள். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். இப்போது போய் உரிமத்தை மாற்றினாலும், ஏற்கெனவே எடுத்துக்கொண்டவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

படத்தில் ஆள் இருந்தால் கதை வேறு. 2007-இல் ஆஸ்திரேலியக் கைபேசி நிறுவனம் ஒன்று, அமெரிக்கச் சிறுமி ஒருத்தியின் படத்தை ஃபிளிக்கரிலிருந்து எடுத்து, கேலியான வாசகத்தோடு பேருந்து நிறுத்த விளம்பரத்தில் போட்டது. படம் எடுத்தவர் இட்டிருந்த உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதித்தது. ஆனால் அந்தச் சிறுமியையோ அவளுடைய பெற்றோரையோ யாரும் கேட்கவில்லை. குடும்பத்தார் டெக்சஸில் தொடுத்த வழக்கு, ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மீது அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடியாகிவிட்டது. படத்தின் உரிமை எடுத்தவருடையது, முகம் அதை உடையவருடையது. கிரியேட்டிவ் காமன்ஸ் முன்னதை மட்டுமே கையாள்கிறது. இந்த உரிமம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் பார்க்கும் எத்தனையோ ஊர், பறவை, பூப் படங்கள் ஃபிளிக்கரில் யாரோ இந்த உரிமத்தோடு விட்டுவைத்ததால் வந்து சேர்ந்தவைதான். குழந்தைகள் இருக்கும் படங்களுக்கு மட்டும் இட வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சிறப்பு இருந்தும் ஏன் இன்ஸ்டாகிராமிடம் தோற்றது? (ஈரோடு வாசகி)

பதில்: 2005 மார்ச்சில் யாகூ வாங்கியது. சில ஆண்டுகளுக்கு வளர்ச்சி பிரமிக்கத்தக்கதாகவே இருந்தது; 2011 ஆகஸ்டில் 600 கோடியாவது படம் ஏறியது. ஆனால் வீட்டுக்குள் விரிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 2007-இல் பழைய உறுப்பினர்கள் எல்லோரும் யாகூ கணக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது பலர் கொதித்தார்கள். மறு ஆண்டே நிறுவனர்கள் இருவரும் விலகினார்கள். ஐபோனுக்கான செயலி 2009-இல்தான் வந்தது, அதுவும் அரைமனதாக. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் பிறந்து, 2012-இல் 100 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் கைக்குப் போனது. இதில் வேடிக்கை, ஃபிளிக்கரின் கேமராப் பட்டியலிலேயே 2011-இல் ஐபோன் 4 முதலிடத்துக்கு வந்திருந்தது. கைபேசிக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள் என்று அவர்களுடைய கணக்கேடே சொல்லியும் யாகூ கேட்கவில்லை.

2013 மே மாதம் எல்லோருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்று யாகூ அறிவித்ததை அன்று பலர் பாராட்டினார்கள். என் கருத்தில் பெரிய பிழை அதுதான். பேசுவதற்காகக் கூடிய இடத்தைக் கிடங்காக மாற்றினார்கள். கைபேசியிலிருந்து தானாக ஏறும் ஆயிரக்கணக்கான படங்களுக்குத் தலைப்பும் இல்லை, குறிச்சொல்லும் இல்லை. 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற குடும்ப நிறுவனம் வாங்கியதும், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்று வரம்பு வைத்து, மிகுந்தவை 2019-இல் நீக்கப்படும் என்றது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கடுமைதான், ஆனால் அதிலும் ஒரு நேர்மை இருந்தது. 2019 டிசம்பரில், தளம் இன்னும் நட்டத்தில் ஓடுகிறது, கட்டண உறுப்பினராகுங்கள் என்று உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அப்பா காலத்துப் படங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்தவை 12,000 இருக்கின்றன. எல்லாவற்றையும் ஃபிளிக்கரில் ஏற்றிவிடலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். இலவசக் கணக்கில் ஏறுவது 1,000. அவற்றிலும் பிறர் பார்க்காதபடி மறைத்து வைக்கக் கூடியவை 50 மட்டுமே. முழுத் தொகுப்பையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். நான் ஒரு காலத்தில் வேறொரு தளத்தை மட்டும் நம்பி இருந்து, அது மூடப்பட்டபோது மூன்று ஆண்டுப் படங்களை இழந்தவன். பிறகு, செட்டிநாட்டு வீடு, திருமணம், கப்பல் பயணம் என்று ஊருக்கும் பயன்படக்கூடிய 200 படங்களைப் பொறுக்கியெடுத்து ஏற்றுங்கள். நீங்கள் மாற்றாதவரை எல்லா உரிமையும் உங்களுடையதாகவே இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று தமிழில் எழுதுங்கள். அப்பா காலத்துப் படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் யாரேனும் வீட்டில் இருந்தால், ஸ்கேனரை மூடிவிட்டு முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய் உட்காருங்கள். பதிவேற்றத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.