மஞ்சள் பூ வேளையும் கடையில் கொடுத்த பாட்டிலும்

கேள்வி: செஞ்சிக்குப் பக்கத்தில் செம்மண் நிலம் ஒன்றரை ஏக்கரில் மணிலா (நிலக்கடலை) போட்டு 32 நாள் ஆகிறது. மஞ்சள் பூவுடன் ஒரு களை மண்டிவிட்டது. தொட்டால் கையெல்லாம் பிசுபிசுவென ஒட்டுகிறது, நாற்றமும் போவதில்லை. களையெடுக்க ஆள்கள் வர மறுக்கிறார்கள். என் அம்மா இதை வேளை என்கிறார், கீரைதானே என்றும் சொல்கிறார். 'வேளைக் களை' என்று கடையில் கேட்டதற்கு 2,4-டி கொடுத்தார்கள். ஒரு டேங்குக்கு எவ்வளவு கலக்க வேண்டும்?

பதில்: ஒரு சொட்டுக்கூடக் கலக்காதீர்கள், தம்பி. 2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்வது. நெல், சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்களுக்கு நடுவே அதற்கு வேலை உண்டு. மணிலாவே அகன்ற இலைச் செடி; களையோடு பயிரும் முறுக்கிக்கொண்டு சாயும். பக்கத்து நிலத்தில் பருத்தி இருந்து காற்றில் சாரல் போனால், அங்கே இலைகள் வெண்டை இலை போலக் கிழிந்து நீளும். 'எந்தப் பயிரில் அடிக்கப் போகிறீர்கள்?' என்று கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டுகிறவரிடம் இனி உப்புக்கூட வாங்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் என்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது அளவு அல்ல, 'இது எந்த வேளை?' என்பது. பெயர் தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். வேளை ஒன்றல்ல. உங்கள் அம்மா சொல்லும் கீரை தைவேளை. நல்வேளை என்பதும் அதுதான். அதன் பூ வெள்ளை. இதழ்களுக்கு மேலே தனியாக ஒரு காம்பு எழும்பி, அதன் உச்சியில் ஊதா நிற மகரந்தத் தாள்கள் விரிந்து நிற்கும். புறநானூற்றில் ஆய்மகள் தயிரோடு சேர்த்துச் சமைப்பதும் 'வேளை வெண்பூ'தான். உங்கள் நிலத்தில் இருப்பது மஞ்சள் பூ. அது நாய்வேளை, நாய்க்கடுகு. தண்டிலும் காயிலும் உள்ள நுண்ணிய மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளிப் பிசின். ஒரு காயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பனித்துளி கோத்தது போல மின்னும். சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக் கிடக்கும். பிசின் தைவேளையிலும் கொஞ்சம் உண்டு என்பதால் கையை நம்பாதீர்கள், பூவைப் பாருங்கள்.

உதவாதது என்று நினைத்த செடிக்கு 'நாய்' என்று முன்னொட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். உத்தராகண்டின் கட்வால் மலையில் இதே விதையை ஜக்கியா என்ற பெயரில் தாளிக்கச் சேர்க்கிறார்கள். தாவரவியலாளர்கள் வைத்த பெயரில் உள்ள 'விஸ்கோசா' என்பதற்குப் பிசுபிசுப்பானது என்று பொருள். நம் விராலிச் செடிக்கும் அதே 'விஸ்கோசா'தான்; அதன் இலையைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். இமாசிதாபைர் என்ற களைக்கொல்லி மணிலாவுக்கு ஏற்றது. ஆனால் களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது அடித்திருக்க வேண்டும். பூத்த செடிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. கைக்களைதான் வழி, அதுவும் இந்த வாரமே. மண்ணில் ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். காய் முற்றினால் வெடித்து விதையைக் கொட்டும். காய் பிடித்த செடியை வரப்பிலோ எருக்குழியிலோ போடாதீர்கள். 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும். களைக்கொத்தைக் கையில் எடுக்கக் கூடாது. அடுத்த பட்டத்தில் விதைத்த மூன்று நாளுக்குள், ஈரம் இருக்கும்போதே பெண்டிமெத்தலின் களைக்கொல்லியைத் தெளித்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது வேரும் பூவும் உள்ள ஒரு செடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். என்ன பயிரில் முளைத்தது என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

ஆள்கள் வர மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பிசின் வெறும் தண்ணீரில் போகாது. களத்தில் ஒரு கிண்ணம் கடலை எண்ணெய் வையுங்கள். வேலை முடிந்ததும் கையில் தேய்த்து, பிசின் இளகிய பிறகு சீயக்காய் போட்டுக் கழுவட்டும்.