நூற்றுக்கு 98 வாங்கியவருக்கு

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கில் 98 எடுத்தேன். ஆசைப்பட்டுத்தான் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். இரண்டு மாதமாகக் கணக்கே போடுவதில்லை. எதை எடுத்தாலும் ‘நிரூபி’ என்கிறார் சார். எப்சிலான், டெல்டா என்றாலே தலை சுற்றுகிறது. “கணக்கு படித்தால் வாத்தியார் வேலைதான், கம்ப்யூட்டர் சயின்சுக்கு மாறிக்கொள்” என்கிறார் மாமா. மாறிவிடலாமா?
– முதலாண்டு மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்: மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த 98. உழைக்காமல் அது வந்திருக்காது, சரி. ஆனால் எதற்குக் கிடைத்த மதிப்பெண் அது? கொடுத்த கணக்கு எந்த வகை என்று பார்த்தவுடன் கண்டுபிடித்து, அந்த வகைக்குரிய படிகளைத் தப்பில்லாமல் எழுதியதற்கு. வகையே சொல்லாமல் ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள் என்று பள்ளியில் யாரும் உங்களைச் சோதித்ததில்லை.

ரோல் தேற்றம் பிளஸ் டூவிலேயே படித்ததுதான். மூடிய இடைவெளியில் சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், உள்ளே எங்கும் வகையிட முடிய வேண்டும், இரு முனைகளிலும் ஒரே மதிப்பு வர வேண்டும். அப்படியானால் நடுவில் ஓரிடத்தில் வகைக்கெழு, அதாவது வரைகோட்டின் சாய்வு, பூச்சியம். நிபந்தனைகளைச் சரிபார்த்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். இரண்டாவது நிபந்தனை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்களா? -1 முதல் 1 வரை எண்ணின் மட்டு மதிப்பை (கழித்தல் குறியை விட்ட மதிப்பை) வரைந்து பாருங்கள். கோடு எங்கும் அறுபடவில்லை, இரு முனைகளிலும் மதிப்பு 1. ஆனால் சாய்வு இடப்பக்கம் முழுக்க -1, வலப்பக்கம் முழுக்க 1. நடுவில் கூர்முனை, அங்கே சாய்வு என்று ஒன்றே கிடையாது. பூச்சியம் எங்கும் வரவில்லை. ஒரே ஒரு புள்ளியில் வகையிட முடியாமல் போனதற்கே தேற்றம் கைவிட்டுவிட்டது! இனி, முதல் நிபந்தனையை மட்டும் மீறி இதேபோல் தேற்றத்தைக் கவிழ்க்கும் ஒரு சார்பை நீங்களே உண்டாக்குங்கள். விடையை நான் தரப்போவதில்லை. இதுவும் கணக்குப் போடுவதுதான்.

எப்சிலான், டெல்டாவில் தலை சுற்றுவது பெரும்பாலும் வரிசையால். சார்பின் மதிப்பு எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது எப்சிலான், அதற்கு எக்ஸ் எவ்வளவு நெருங்கினால் போதும் என்பது டெல்டா. எதை முதலில் கொடுத்து எதை அப்புறம் தேடுகிறோம் என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பதும், எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரே சாவி உண்டு என்பதும் ஒன்றா? எக்ஸ் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அது தொடர்ச்சியானது. ஆனால் ஒரே எப்சிலானை வைத்துக்கொண்டு பூச்சியத்தை விட்டுத் தள்ளிப்போகப் போக டெல்டா சுருங்கிக்கொண்டே போகும். எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரு டெல்டா கிடைக்காது. இதே மாதிரி வரிசைச் சிக்கலில் பிரெஞ்சுக் கணித மேதை கோஷியே இடறியிருக்கிறார். தொடர்ச்சியான சார்புகளின் தொடர் குவிந்தால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று 1821-இல் பாடநூலில் எழுதினார். அதற்குப் பொருந்தாத ஒரு தொடரை 1826-இல் நார்வே கணிதவியலாளர் ஆபெல் எடுத்துக் காட்டினார். கோஷிக்கே அந்தக் கதி என்றால், இரண்டு மாதத்தில் உங்களுக்குத் தலை சுற்றுவதில் என்ன அதிசயம்?

நீங்கள் குறை சொல்லும் அந்த ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த எப்சிலான், டெல்டா நிரூபணங்கள் வரும் ரியல் அனாலிசிஸ் தாள் மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது. அதுவரை பழைய வினாத்தாளையும் கைடையும் வைத்துக்கொண்டு, பத்து மார்க் தேற்றங்களை மனப்பாடம் செய்தே ஓட்டிவிடலாம். ஓட்டியவர்களும் உண்டு, தேற்றத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள், ஓர் உதாரணம் கேட்டால் விழிப்பார்கள். முதலாண்டிலேயே ‘நிரூபி’ என்று ஒருவர் உங்களைப் படுத்துகிறார் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, அன்றைய நிரூபணத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். ஆங்கிலம் இடித்தால் தமிழில் எழுதுங்கள். எந்த வரியில் நிற்கிறீர்களோ, அந்த வரியோடு அவரிடம் போங்கள். “ஒன்றுமே புரியல சார்” என்று மட்டும் போகாதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ராமானுஜனும் கல்லூரியில் தோற்றவர்தானே என்று யாராவது ஆறுதல் சொல்ல வருவார்கள். நம்பாதீர்கள். அவர் கணக்கிலேயே மூழ்கிக்கிடந்து மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டவர். உங்கள் வழக்கு வேறு.

இப்போது மாமா. வாத்தியார் வேலை‘தான்’ என்று இழுக்கிறாரே, சென்னை லயோலா கல்லூரியில் ராசீன் என்றொரு பிரெஞ்சுப் பாதிரியார் கணக்கு வாத்தியாராக இருந்தார். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1965-இல் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. பின்னாளில் சென்னை கணிதவியல் கழகத்தை உருவாக்கியதும் அதே சேஷாத்ரிதான். வாத்தியார் வேலை வேண்டாம் என்றாலும் வழி இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. காப்பீட்டுத் துறையில் இழப்பு அபாயத்தைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆவதற்கான தேர்வுகள் இருக்கின்றன. கடினமானவை, ஆனால் கணக்குப் படித்தவர்களுக்கு ஏற்றவை.

மாறுவதா? இந்த செமஸ்டர் முடியட்டும். அதற்குள் மேலே கேட்ட சார்பைக் கண்டுபிடித்து, அது சரிதான் என்று நீங்களே நிறுவிவிட்டால் மாற வேண்டாம். முயன்றும் அதில் கொஞ்சம்கூட ருசி தட்டவில்லையென்றால் தாராளமாக மாறுங்கள், கல்லூரி இடம் கொடுத்தால். நிரூபணத்துக்குப் பயந்து மட்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போகாதீர்கள். அங்கே டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் தாளில் அது உங்களைப் பிடித்துக்கொள்ளும்.